சூட்டில் வந்த முகம்

அன்பு மகன் சுதனுக்கு,

நேற்றும் நீ தொலைபேசியை எடுக்கவில்லை. மணி அடித்து அடித்துத் தானாகவே ஓய்ந்துபோகிறது. செய்தி அனுப்பினால் மட்டும் சிறிது நேரத்தில் வாசித்ததற்கான அடையாளம் விழுகிறது. அந்த அடையாளத்தை அம்மாவிடம் காட்டி, "பார், பிள்ளை சுகமாய் இருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ போன பிறகும் எங்கள் வாசல் படலையில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கொடிகாமத்திலிருந்து வருகிறார்கள், பருத்தித்துறையிலிருந்து வருகிறார்கள். எல்லார் கையிலும் காணாமல் போன ஒரு பிள்ளையின் படம் இருக்கிறது. "மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தாற தம்பி நிக்கிறாரோ?" என்று கேட்கிறார்கள். நான் இல்லையென்று சொன்னால் போகாமல் வெயிலிலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதுவதை அவர்களும் வாசிக்கட்டும்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். உன் அண்ணன் ரமணன் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போனபோது நீ பள்ளிக்கூடப் பிள்ளை. யுத்தத்தில் பாதை மூடப்பட்டது, அவன் அங்கேயே நின்றுவிட்டான். யுத்தம் முடிந்து வந்தவர்களோடு அவன் வரவில்லை. செத்ததைக் கண்டவரும் இல்லை, கடைசியாக எங்கே நின்றான் என்று சொல்லத் தெரிந்தவரும் இல்லை. அம்மா போகாத அலுவலகம் இல்லை. நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலமெல்லாம் லீவு எடுத்தது அவளோடு அந்த இடங்களுக்குப் போவதற்குத்தான். நீ எங்கள் இருவருக்கும் நடுவில் சத்தமில்லாமல் வளர்ந்தாய். உன் பிறந்தநாளைக்கூட நாங்கள் சரியாகக் கொண்டாடியதில்லை. அதைப் பற்றி நீ ஒருநாளும் வாய் திறந்ததுமில்லை.

பிறகு நெல்லியடி ஸ்ரூடியோவில் கலியாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தாய். வீட்டிலும் வேலை செய்வதற்காக ஒரு கொம்பியூட்டரைப் பகுதி பகுதியாகச் சேர்த்தாய். அதற்குள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்ட்தான் இதெல்லாவற்றுக்கும் மூளை என்று எனக்குக் காட்டினாய். செங்கல் அளவான ஒரு சாமான், வயிற்றில் இரண்டு சின்ன விசிறிகள். அன்றைக்கு நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அந்த வீடியோ வந்தது சித்திரை மாதம். யாரோ யாருக்கோ அனுப்பி, கைமாறிக் கைமாறி அம்மாவின் தொலைபேசிக்கு வந்தது. எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது என்று ஒன்றும் இல்லை. ஒரு மதிலோரமாகச் சில ஆண்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். கடைசியில் போகிறவன் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறான். அந்தத் திரும்பலைத்தான் அம்மா பிடித்துக்கொண்டாள். "இஞ்சேருங்கோ, உது ரமணன். கழுத்தைத் திருப்புற விதத்தைப் பாருங்கோ" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் நாலைந்து கட்டங்கள்தான் தெரிந்தன. அம்மா உன் அறை வாசலில் போய் நின்றாள்.

"மேனை, உதைத் தெளிவாக்கித் தரமாட்டியோ?"

நீ உடனே ஓம் என்று சொல்லவில்லை. "பாப்பம் அம்மா, சொல்லேலாது" என்றுதான் சொன்னாய். ஆனால் அன்று பின்னேரமே வேலையைத் தொடங்கினாய். மங்கலான முகங்களைத் திருத்தும் ஒரு மென்பொருளைப் பிடித்தாய். அதற்கு அண்ணனின் முகத்தைப் பழக்கவேண்டும் என்று சொல்லி, வீட்டில் இருந்த அவனுடைய படங்களையெல்லாம் வாங்கிக்கொண்டாய். பள்ளிக்கூடப் படம், அடையாள அட்டைப் படம், மாமியின் கலியாண வீட்டில் எடுத்தது, எல்லாவற்றையும் அம்மா தன் கையாலேயே எடுத்துத் தந்தாள்.

கார்ட் அந்த வேலையைத் தாங்கவில்லை. அதன் சாதாரண வேகத்தில் விட்டால் நாட்கணக்கில் ஓடவேண்டும், இடையில் கரண்ட் போனால் திரும்பவும் முதலிலிருந்து. ஆகவே அதைத் தயாரித்த கம்பனி வைத்த வேகத்தைத் தாண்டி நீ கார்டை முடுக்கிவிட்டாய். "ஓவர்குளொக் பண்ணுறது அப்பா. வேகம் கூடும், சூடும் கூடும்" என்றாய். திரையின் மூலையில் அதன் சூட்டைக் காட்டும் இலக்கம் ஒன்று ஏறிக்கொண்டே இருந்தது. ஓர் அளவைத் தாண்டியதும் திரை கறுத்து எல்லாம் நின்றது. தென்மேற்குச் சோளகக் காற்று இன்னும் எழும்பாத நாட்கள். முற்றத்து வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. தகரம் போட்ட உன் அறைக்குள் மனிதர் இருக்கவே முடியாது, அந்த இயந்திரம் எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டின் முழு வேலையும் அந்தக் கார்டைக் குளிர்விப்பதுதான் என்று ஆகிவிட்டது. நீ அதைக் கழற்றி, பழைய பசை காய்ந்து பொருக்காகிப் போயிருப்பதைக் காட்டினாய். சுரண்டித் துடைத்து, சூட்டைக் கடத்தும் புதுப் பசையைப் பூசினாய். யாழ்ப்பாணத்துக்குப் போய், பழுதான பெரிய கார்ட் ஒன்றிலிருந்து கழற்றிய, சூட்டை இழுத்தெடுக்கும் ஹீட்சிங்க் வாங்கி வந்தாய். மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கி, இடையில் செப்புக் குழாய் ஓடும் சாமான் அது. துளைகள் பொருந்தவில்லை. நான் பிடித்துக்கொள்ள நீ புதிதாகத் துளைபோட்டு முறுக்கினாய். சின்னச் சின்ன அலுமினியத் துண்டுகளைக் கார்டிலிருந்த மற்றச் சிப்புகளின் மேல் ஒட்டினாய். கொம்பியூட்டர்ப் பெட்டியின் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, முன்னால் இரண்டு விசிறி, பின்னால் ஒன்று, வெளியே எங்கள் மேசை விசிறி. அந்த நாட்களில் நான் உன்னோடு கதைத்த அளவுக்கு அதற்கு முந்திய பத்து வருடத்திலும் கதைத்திருக்கமாட்டேன்.

"விசிறி சூட்டை இல்லாமல் செய்யுறேல்லை அப்பா" என்று ஒருநாள் சொன்னாய். "இஞ்சையிருந்து எடுத்து அங்காலை தள்ளுது, அவ்வளவுதான். அறைக்குள்ளை சூடு அப்பிடியேதான் இருக்கும்."

அந்தச் சூட்டுக்குள் அம்மா வந்து இருந்தாள். மேசை விசிறியின் மோட்டார் புகைந்து நின்ற அன்று, பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்து, திறந்த பெட்டிக்கு முன்னால் விசிறத் தொடங்கினாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு விசிறுவது போலக் கை மாற்றி மாற்றி விசிறினாள். "அம்மா, உந்த விசிறியாலை ஒண்டும் நடவாது" என்று நீ சொன்னாய். அவள் திரையின் மூலையைக் காட்டி, "இரண்டு குறைஞ்சிருக்கு, பார்" என்றாள். உண்மையாகவே குறைந்திருந்தது. ஒருமுறை திரை முழுவதும் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் வந்தபோது, "சூட்டிலை பிழைவிடுது அம்மா" என்று நீ விளக்கினாய். அதை அவள் மனதில் வைத்துக்கொண்டாள். அப்படி ஒரு சொல் பின்னால் எங்களை இந்தப் பாடு படுத்தும் என்று நீயும் நினைத்திருக்கமாட்டாய், நானும் நினைக்கவில்லை.

முகம் வந்தது ஒரு மத்தியானம். நான் கிணற்றடியில் நின்றேன். அம்மாவின் குரல் கேட்டு ஓடிவந்தேன். திரையில் ரமணன் நின்றான். அந்த மதிலோரம், அந்தச் சேட்டு, திரும்பிய கழுத்து, அதன்மேல் என் மூத்த பிள்ளையின் முகம். மேலுதட்டில் இருக்கும் மச்சம்கூட இருந்தது. அம்மா திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் பெத்தது எனக்குத் தெரியாதே? சொன்னனான்தானே! சொன்னனான்தானே!" என்று அழுதாள், சிரித்தாள். நானும் அழுதேன். அன்று எங்கள் வீட்டில் பாயசம் வைத்தது நினைவிருக்கிறதா? நீ மட்டும் சாப்பிடவில்லை.

வீட்டுப் பின்வளவில் வைத்து என்னிடம் சொன்னாய்: "அப்பா, அது அண்ணை இல்லை."

"என்னடா சொல்லுறாய்?"

"அந்தக் கட்டங்களுக்குள்ளை முகமே இல்லை அப்பா. இல்லாததை ஒருத்தராலையும் எடுக்கேலாது. நாங்கள் அண்ணையின்ரை படங்களைக் குடுத்தம். அது அண்ணையை வரைஞ்சு தந்திட்டுது. அந்த இடத்திலை ஆர் நிண்டிருந்தாலும் அண்ணைதான் வந்திருப்பார்."

நான் உன்னிடம் கெஞ்சினேன். இப்போது சொல்லாதே, அவள் இத்தனை வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள் என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். என் சொல்லுக்காக வாயை மூடிக்கொண்டாய். சுதன், அன்றைக்கு நான் உன் தலையில் வைத்தது எவ்வளவு பெரிய பாரம் என்று எனக்கு உறைக்கவில்லை. ஓர் உண்மையைத் தனியாக வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நடமாடு என்று உன்னை விட்டுவிட்டேன். நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறப்பார்கள். அவர்கள் ஒரு கசப்பான உண்மையோடு உன்னிடம் வந்தால், அதை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடாதே. வாங்கி நீ வைத்துக்கொள்.

அம்மா சும்மா இருப்பாளா? பிள்ளைகளைத் தேடும் தாய்மார் கூடும் இடத்தில் படத்தைக் காட்டினாள். அடுத்த கிழமையே அரியாலையிலிருந்து நேசம் அக்கா பஸ் ஏறி வந்தாள். அம்மாவோடு வருடக்கணக்காக அந்த வரிசைகளில் நின்றவள், வெயிலில் ஒரே குடைக்குள் இருந்தவள். வந்து இருந்து தண்ணீர் குடித்துவிட்டு, தன் மகனின் படங்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

"தம்பி, அந்த வீடியோ எனக்கும் வந்தது. கடைசியாப் போறது என்ரை பிள்ளை. ஒருக்கா எனக்கும் செய்து தா."

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, அது ரமணன்" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. உனக்குக் குறை சொல்லேல்லை. அது என்ரை பெடியன்."

இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். "சரி அக்கா, செய்து தாறன்" என்று நீ சொன்னாய். நீ இரக்கப்பட்டுச் சொன்னாய் என்று அப்போது நினைத்தேன். வாயால் சொல்ல நான் விடாததை அம்மாவின் கண்ணுக்குக் காட்டத்தான் நீ சம்மதித்தாய் என்பது பிறகுதான் விளங்கியது.

கார்ட் திரும்பவும் கொதித்தது. அம்மா அந்தப் பக்கமே வரவில்லை. அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நிலத்தில் கிடந்த பனையோலை விசிறியை நேசம் அக்கா எடுத்தாள். அதே இடத்தில் அமர்ந்து விசிறினாள். வேலை முடியும்வரை எங்கள் வீட்டிலேயே தங்கினாள். அம்மா அவளுக்குச் சோறு போட்டாள், முகம் பார்க்கவில்லை. கடைசியில் நேசம் அக்கா "ஐயோ என்ரை ராசா" என்று கத்திய சத்தத்தில்தான் அம்மா குசினியை விட்டு வந்தாள். நீ இரண்டு படங்களையும் அருகருகே வைத்தாய். ஒரே மதில். ஒரே சேட்டு. ஒரே கழுத்து. இரண்டு தாய்மாரின் இரண்டு பிள்ளைகள்.

நீ எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாய். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்:

"நான் விசிறேல்லை. அதுதான் பிழைவிட்டிட்டுது. சூட்டிலை பிழைவிடும் எண்டு நீதானே சொன்னனீ? நல்லாக் குளிராய் வைச்சுத் திருப்பி ஓடவிடு."

"அது வேறை பிழை அம்மா. சூட்டாலை முகம் மாறாது."

"ஓடவிடு மேனை. நான் விசிறுறன். கை ஓய்ஞ்சாலும் விடமாட்டன்."

அவள் உன் காலைப் பிடிக்கக் குனிந்தாள். எந்தப் பிள்ளையால் அதைத் தாங்க முடியும்? நீ அவளைத் தூக்கி நிறுத்திவிட்டுத் திரும்ப ஓடவிட்டாய். வேகத்தை இன்னும் கூட்டினாய், சீக்கிரம் முடியட்டும் என்று. ஒரு பக்கம் அம்மா விசிறினாள். மறுபக்கம் நேசம் அக்கா ஒரு மட்டையை எடுத்து விசிறினாள். நான் அயல்வீட்டு விசிறியை வாங்கி வந்து வைத்தேன். நாலு பேரும் வேர்வையில் தோய்ந்துபோய் அந்த இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது ஏறியது. ஒரு சின்ன விசிறி கிறீச்சிட்டு நின்றது. நீ கையை நீட்டுவதற்குள் கரிந்த மணம் வந்தது, திரை கறுத்தது. ஹீட்சிங்கைத் தொட்ட உன் விரல்நுனி வெந்துபோயிற்று.

"முடிஞ்சுது அம்மா" என்றாய்.

"புதுசு ஒண்டு வாங்கு" என்றாள் அவள்.

அடுத்த நாள் காலையில் நீ இல்லை. கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது, தேடவேண்டாம் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ நின்றிருந்தால் அவள் உன்னை விட்டிருக்கமாட்டாள். ஆனால் நீ போன பிறகு இந்த வீடு இருந்த இருப்பை உனக்கு எப்படிச் சொல்வேன்? அம்மா தினமும் உன் அறையைக் கூட்டினாள். எரிந்துபோன கார்டின் தகடுகளுக்கு நடுவில் இருந்த தூசியைத் தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தாள். "தம்பி வந்தால் உடனை தொடங்கலாம்" என்றாள். நான் இரண்டு படங்களையும் என் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒளித்து ஒளித்துப் பார்த்தேன். நீ சொன்னது சரியென்று என் புத்திக்குத் தெரியும். ஆனாலும், முதலில் வந்தது சரியாகவும் இருக்கலாமே என்று ஒரு குரல் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நிறுத்த எனக்குப் பலமில்லை. இந்த வயதில் ஓர் அப்பனுக்கு இப்படி ஒரு நிலை வரக்கூடாது.

போன கிழமை நேசம் அக்கா திரும்பவும் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று பயந்தேன். அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, நீ அச்சடித்துக் கொடுத்த படத்தை மடியில் வைத்தாள்.

"தங்கச்சி, என்ரை பெடியனுக்கு வன்னியிலை ஷெல் துண்டு பட்டு இடது காது மடல் போனது. அதுக்குப் பிறகு நான் அவனைக் கண்டனான், ஆனால் படம் ஒண்டும் எடுக்கேல்லை. இதைப் பார், காது முழுசா இருக்கு. நான் குடுத்ததைத்தான் இது எனக்குத் திருப்பித் தந்திருக்கு."

அம்மா படத்தில் இருந்த காதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஆள் என்ரை பிள்ளை எண்டு நான் சொல்லேலாது. உன்ரை பிள்ளையாயே இருக்கட்டும். நான் விட்டுத்தாறன்."

சுதன், நான் அறுபத்தைந்து வயதைக் கடந்தவன். ஒருவர் இன்னொருவருக்கு இப்படி ஒன்றைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அம்மா எழும்பிப் போய் நீ அச்சடித்துக் கொடுத்திருந்த ரமணனின் படத்தை எடுத்து வந்தாள். வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு நேசம் அக்காவின் மடியில் அதையும் வைத்தாள்.

"வேண்டாம் அக்கா. இவனும் இல்லை. இருந்தால் இப்ப அவனுக்கு நரை விழுந்திருக்கும். உதிலை நிக்கிறது பள்ளிக்கூடத்துப் பெடியன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை. படலையில் வந்து நிற்கும் தாய்மாரே, தகப்பன்மாரே, இதுதான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய பதில். எங்களிடம் இருந்தது ஒரு கார்ட், அது எரிந்துபோயிற்று. அது எரியாமல் இருந்தாலும் நீங்கள் கொண்டு வருகிற முகத்தைத்தான் உங்களுக்குத் திருப்பித் தரும். உங்களைத் திருப்பி அனுப்புகிறேன் என்று என்னைச் சபிக்காதீர்கள்.

மகன், நேசம் அக்கா போனதிலிருந்து அம்மா பாயை விட்டு எழும்பவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் குடிக்கிறாள். உன்மேல் கோபமோ என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், இல்லையென்று. பிறகு என்னிடம் கேட்டாள்:

"சின்னவன் எங்கை?"

"கொழும்பிலை."

"கொழும்பிலை எங்கை?"

எனக்குத் தெரியவில்லை. எந்தத் தெரு, யாரோடு, எந்தக் கடையில் வேலை, ஒன்றுமே எனக்குத் தெரியாது. வாசித்த அடையாளத்தைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "அப்ப இவனையும் எங்கையெண்டு தெரியாது" என்றாள்.

நீ வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. வந்தால் நான் படலையிலேயே நிற்பேன், வராவிட்டால் அது உன் விருப்பம். எங்களோடு கதைக்கவும் வேண்டாம். நீ இருக்கும் வீட்டு இலக்கத்தையும் தெருவின் பெயரையும் மட்டும் அனுப்பு. நான் போய் அம்மாவின் காதில் அதை வாசிக்கவேண்டும்.

அப்பா